ஒரு வர்த்தகக் கல்லூரியின் நூற்றைம்பது ஆண்டுகள்

பரந்தன் ஒரு சந்தி. வடக்கே ஆனையிறவைக் கடந்தால் யாழ்ப்பாணம், தெற்கே கிளிநொச்சி, கிழக்கே முல்லைத்தீவு, மேற்கே பூநகரி. இவ்வாறு வழி பிரியும் இடங்களிலேதான் விளம்பரங்களும் தொங்குவது வழக்கம். கணினிப் பயிற்சி, கணக்கியல், அலுவலக முகாமைத்துவம், பேச்சு ஆங்கிலம், ஆறு மாதத்திற் சான்றிதழ், 'வேலைவாய்ப்பு உறுதி' என்று இந்நாளிலே எந்தச் சந்தியிலும் காணலாம். சிறுபோக நெல்லை விற்ற பணத்தையோ, அடகு வைத்த நகையின் பணத்தையோ கொண்டு தம் பிள்ளையை இத்தகைய வகுப்பொன்றிற் சேர்க்கும் தந்தையும் தாயும் அறிந்துகொள்ள விரும்புவது ஒன்றே: இக்கல்வி பிள்ளைக்கு உத்தியோகம் தருமா, தராதா?

இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்குப் பயன்படக்கூடிய வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது அமெரிக்காவின் மேற்குக் கரையிலே. அங்கே 1863 ஆம் ஆண்டில் தொடங்கி 2015 ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஹீல்ட் கல்லூரி என்னும் தனியார் வர்த்தகக் கல்லூரியின் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

அதற்கு முன், பணம் பெற்றுக்கொண்டு கல்வி கொடுப்பது தகுமா என்று ஐயுறுவார்க்கு ஒரு சொல். நம்முடைய திண்ணைப் பள்ளி ஆசிரியரும் மாணாக்கர் வீட்டு நெல்லாலும் காசாலும் பிழைத்தவரே. அவர் கற்பித்த எண்சுவடியும் நெல்லிலக்கமும் அக்காலத்து வர்த்தகக் கல்வி அல்லாமல் வேறென்ன? மறுபுறம், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளிடம் வேதனம் வாங்காமல், வீடுதோறும் பிடியரிசி சேர்த்து அதனை நடத்தினார். கூலிக்குக் கற்பித்தலும் தருமமாகக் கற்பித்தலும் ஆகிய இரண்டும் நம்மிடையே நெடுங்காலம் அருகருகே இருந்து வந்தவை. ஆதலின் இலாபம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. இலாபம் எவ்வழியால் வருகின்றது என்பதையே நோக்கல் வேண்டும்.

வர்த்தகக் கல்லூரி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. அதற்கு முன் கணக்கெழுதுவோன் தன் தொழிலைக் கடையிலேயே பழகினான். ஒரு வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்து, மை கரைத்து, கடிதம் படியெடுத்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பேரேட்டைத் தொட அனுமதி பெறுவான். புகையிரதமும் தந்தியும் நீராவிக் கப்பலும் வந்து வாணிகம் பெருகியபோது, இந்த மெதுவான முறை போதாதாயிற்று. கணக்கர் ஆயிரக்கணக்கில் வேண்டப்பட்டனர். பெரிய கல்லூரிகளோ இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்துக்கொண்டிருந்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வர்த்தகப் பள்ளி தோன்றியதே 1881 இல் தான். இந்த இடைவெளியைத் தனி மனிதர் சிலர் கண்டனர். ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, இரட்டைப் பதிவுக் கணக்கு, வணிக எண்கணிதம், அழகிய கையெழுத்து, கடிதம் எழுதும் முறை ஆகியவற்றைச் சில மாதங்களிற் கற்பித்து, அதற்குக் கட்டணம் பெற்றனர்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே பொல்சம் என்பவர் நடத்திய இத்தகைய பள்ளியொன்றில், 1855 இல், பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஏறத்தாழப் பத்து வாரம் கணக்குப் பதிவு கற்றான். அவ்வாண்டு செப்டெம்பர் 26 ஆந் திகதி ஒரு வணிக நிலையத்திலே துணைக் கணக்கனாக அமர்ந்தான். அவன் பெயர் ஜோன் டி. றொக்பெல்லர். பின்னாளில் உலகப் பெருஞ் செல்வரானபோதும், தமக்கு உத்தியோகம் கிடைத்த அந்நாளை ஆண்டுதோறும் அவர் கொண்டாடி வந்தார். அதே நகரிலே பிறையன்ற், ஸ்ட்ராற்றன் என்னும் இருவர் 1850 களில் ஆரம்பித்த கல்லூரி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பல நகரங்களிலே கிளை விட்டது. ஒரு கிளையிற் கட்டணம் கட்டியவன் எந்தக் கிளையிலும் சென்று பயிலலாம் என்பது அவர்களுடைய ஏற்பாடு. வகுப்பறையையே ஒரு சிறு சந்தையாக்கி, போலி நாணயத் தாளும் போலி வங்கியும் வைத்து மாணாக்கரைக் கொடுக்கல் வாங்கலிற் பழக்குவதும் இப்பள்ளிகளின் வழக்கமாயிற்று. விளையாட்டுப் போலத் தோன்றினும் அது நல்ல முறை என்பதே என் எண்ணம். கணக்கு கையாற் பழகவேண்டிய வித்தை.

இந்த அலை மேற்குக் கரையை அடைந்தபோது தோன்றியதுதான் ஹீல்ட் கல்லூரி. 1848 இல் கலிபோர்ணியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து மக்கள் திரள் திரளாக வந்து குவிந்தனர். சிறு துறைமுகமாயிருந்த சான்பிரான்சிஸ்கோ சில ஆண்டுகளுள் வங்கிகளும் கப்பற் கொம்பனிகளும் நிறைந்த நகரமாயிற்று. பொன் தோண்டியவருட் பெரும்பாலோர் வெறுங்கையராய்த் திரும்பினர் என்பதும், அவர்களுக்கு மண்வெட்டியும் மாவும் விற்றவர் செல்வராயினர் என்பதும் பலரும் சொல்லும் கதை. அவ்வாறு விற்றவர்களுக்குக் கணக்கெழுத ஆள் வேண்டுமல்லவா? அங்கேதான், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 இல், எட்வேட் பேசன் ஹீல்ட் என்பவர் தம் பெயரால் வர்த்தகக் கல்லூரியொன்றைத் திறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1869 இல், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதை முடிந்தது.

இக்கல்லூரியிலே சிறிது காலம் பயின்றவருள் ஒருவர் ஏ. பி. ஜியானினி. இத்தாலியக் குடியேறியவரின் மகன். வகுப்பறையிலே கற்பதைவிடச் சந்தையிலே கற்பது மேலென்று கருதி, 1885 அளவிலே படிப்பை விட்டு, வளர்ப்புத் தந்தையாரின் காய்கறி மொத்த வியாபாரத்திற் சேர்ந்தார். 1904 இல் சிறு குடியேறிகளுக்கென அவர் தொடங்கிய வங்கியே பிற்காலத்தில் பாங்க் ஒவ் அமெரிக்கா ஆயிற்று. 1906 ஆம் ஆண்டின் பூகம்பமும் தீயும் நகரை அழித்தபோது, பீப்பாய்களின் மேற் பலகையை வைத்து, அதையே மேசையாகக் கொண்டு அவர் கடன் கொடுத்தார் என்பர். ஹீல்ட் கல்லூரியின் புகழ்பெற்ற மாணாக்கர் படிப்பை முடிக்காமற் சென்றவர் என்பது வேடிக்கைதான்.

இதற்கிடையே அலுவலகத்தின் உருவமே மாறிக்கொண்டிருந்தது. 1837 இல் ஆங்கிலேயரான ஐசாக் பிற்மன் ஒலியை அடிப்படையாகக் கொண்ட சுருக்கெழுத்தை வெளியிட்டார். அஞ்சல் மூலம் பாடம் அனுப்பிக் கற்பித்த முதல்வருள் அவரும் ஒருவர். 1874 இல் றெமிங்டன் தட்டெழுத்துப் பொறி விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து பெண்களுக்கு அலுவலகக் கதவைத் திறந்தன. பழைய கணக்கர் அறை ஆடவர்க்கே உரியதாயிருந்தது. புதிய பொறிக்கு முன்னே அத்தகைய மரபு எதுவும் இல்லை. இதை முதலில் உணர்ந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டவை பெரிய பல்கலைக்கழகங்கள் அல்ல, இலாப நோக்குடைய வர்த்தகக் கல்லூரிகளே. அந்தப் பெருமையை அவற்றுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இவ்வலை நம் பக்கமும் வீசியது. சென்னையிலே பச்சையப்பன் அறநிலையத்தார் 1886 இல் வர்த்தகப் பள்ளி தொடங்கினர். பம்பாயிலே 1900 இல் டாவர் வர்த்தகக் கல்லூரி தோன்றியது. பின்னர் தமிழ் நாட்டின் சிற்றூர்களிற் கூடத் தட்டெழுத்து நிலையங்களின் ஓசை கேட்கலாயிற்று. யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் லிகிதராகச் சென்ற காலம் அது. அவ்வாறு 1907 இல் மலாயா சென்றவருள் ஒருவர் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா. ஆங்கிலப் பொறியைப் பார்த்துத் தமிழுக்கும் ஒன்று வேண்டுமென எண்ணினார். 247 எழுத்துக்களை நாற்பத்துச் சில விசைகளில் அடக்குவது எங்ஙனம்? புள்ளியும் விசிறியும் முதலிய குறிகளை அடித்தாலும் வண்டி நகராதபடி 'நகரா விசை'களை அமைத்து அதனைத் தீர்த்தார். ஜேர்மனியின் சைடல் நௌமன் தாபனத்தார் அப்பொறியைச் செய்து கொடுத்தனர். தமிழிலே தட்டெழுத்து வகுப்பு என்று ஒன்று இருக்க முடிந்தது அதன் பின்னரே.

பரந்தனுக்கும் ஒரு காலம் இருந்தது. 1950 களிலே அங்கே அரசாங்கம் அமைத்த இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் ஆக்கியது. ஆலை என்றால் பொறியியலாளர் மட்டுமா? களஞ்சியப் பதிவு, சம்பளப் பட்டியல், கடிதப் போக்குவரத்து ஆகிய எல்லாவற்றுக்கும் தட்டெழுத்தும் கணக்கும் அறிந்தோர் வேண்டும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால் வேறு பிழைப்பு உண்டென்று காட்டிய இடம் அது. அதே பத்தாண்டிலேதான், 1956 இல், சிங்களம் மட்டும் அரசகரும மொழிச் சட்டம் வந்தது. ஆங்கிலச் சுருக்கெழுத்தை நம்பி அரசாங்க உத்தியோகத்துக்குப் பயின்ற தமிழ் இளைஞரின் வழி அதனால் ஒடுங்கியது. கற்ற வித்தை குறையின்றி இருக்க, அதைக் கேட்கும் சந்தை மாறிவிடுவதும் உண்டு என்பதற்கு இது சான்று. பின்னர் போர் மூண்டது. ஆலை இயங்காதொழிந்து, பாழடைந்தது.

இனி ஹீல்ட் கல்லூரிக்குத் திரும்புவோம். அதன் நீண்ட வாழ்வின் முதற்பகுதியிலே பணம் வந்த வழி எளியது. மாணாக்கன் தன் பையிலிருந்து கட்டினான். அவன் கணக்கெழுதத் தெரியாமல் வெளியேறினால், அடுத்த தெருவிலிருந்த வணிகருக்கு அது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு மாணாக்கர் வரார். இலாபமே கல்லூரியைக் கட்டுக்குள் வைத்திருந்தது. இடையிலே அது இலாப நோக்கற்ற தாபனமாகவும் மாறிப் பல நகரங்களுக்குப் பரவியது. வேலைக்குரிய கல்வியை ஒழுங்காகத் தரும் இடம் என்று கலிபோர்ணியாவிலே நற்பெயர் எடுத்திருந்தது.

மாறியது பணம் வரும் வழி. 1944 இல், போரிலிருந்து திரும்பிய படைவீரரின் கல்விச் செலவை அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அப்பணத்தைக் குறிவைத்தே பல தனியார் பள்ளிகள் முளைத்தன, மோசடிகளும் நடந்தன. 1972 இல் இலாப நோக்குடைய கல்லூரிகளின் மாணாக்கரும் அரசாங்க உதவியையும் கடனையும் பெற வழி விரிந்தது. ஏழைப் பிள்ளையும் படிக்கட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயின் இதன் இயக்கத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மாணாக்கன் கடன் பத்திரத்திற் கையொப்பமிடுகிறான். அரசாங்கம் பணத்தைக் கல்லூரிக்குக் கொடுக்கிறது. கல்வி பயன்பட்டாலென்ன, படாவிட்டாலென்ன, கல்லூரி தன் பணத்தைப் பெற்றுவிட்டது. கடன் மாணாக்கன் தலையில் நிற்கிறது. இத்தகைய கல்லூரியின் வருமானத்தில் ஒரு பகுதியேனும் வேறு வழியால் வரவேண்டும் என 1992 இல் ஒரு விதி வந்தது. முதலில் நூற்றுக்கு 15 வீதம் என்றிருந்த அவ்வளவு 1998 இல் 10 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது நூறு டொலரில் தொண்ணூறு டொலர் அரசாங்கத்திலிருந்தே வரலாம்.

இந்த நிலத்திலே வளர்ந்தது கொறிந்தியன் கல்லூரிக் கொம்பனி. 1995 இல் கலிபோர்ணியாவிலே தொடங்கி, 1999 இல் பங்குச் சந்தையில் நுழைந்தது. பங்குதாரர் எதிர்பார்ப்பது ஆண்டுதோறும் வளர்ச்சி. கல்லூரிக்கு வளர்ச்சி என்றால் மாணாக்கர் தொகை. மாணாக்கர் தொகைக்கு விளம்பரம். தன் உச்சநிலையில் அக்கொம்பனியிடம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கர் இருந்தனர். ஹீல்ட் கல்லூரியை 2007 இல் முதலீட்டாளர் குழுவொன்று வாங்கி மீண்டும் இலாப நோக்குடையதாக்கியிருந்தது. அதனை 2010 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே 39 கோடி 50 இலட்சம் டொலருக்குக் கொறிந்தியன் வாங்கியது. வாங்கப்பட்டது கட்டடமன்று; நூற்றைம்பது ஆண்டு நற்பெயர் என்றே நான் கருதுகிறேன்.

நேயர்களே, இப்பொழுது நாம் 'வேலைவாய்ப்பு வீதம்' என்ற எண்ணுக்கு வருகின்றோம். படித்து வெளியேறிய நூறு பேரில் எத்தனை பேர் படித்த துறையிலே உத்தியோகம் பெற்றனர் என்று கல்லூரி வெளியிடும் கணக்கு அது. சேர வருவோர் அதைப் பார்த்தே முடிவு செய்வர். தரச் சான்று வழங்கும் சபைகளும் அதைக் கேட்கும். ஆகவே அவ்வெண்ணை உயர்த்திக் காட்டும் ஆசை எழுவது இயல்பு. 2015 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஹீல்ட் கல்லூரியின் கணக்குகளை ஆராய்ந்து, 947 இடங்களில் வீதம் பிழையாகக் காட்டப்பட்டதென அறிவித்து, ஏறத்தாழ 3 கோடி டொலர் தண்டம் விதித்தது. கணக்கியல் கற்று 2011 இல் வெளியேறிய ஒரு பெண், 'படித்த துறையிலே வேலை பெற்றவர்' என்று குறிக்கப்பட்டிருந்தார். அவர் செய்த வேலை, உணவுக் கடையொன்றில் 2006 ஆம் ஆண்டு முதலே செய்து வந்த வேலை! வேறு சிலரைத் தற்காலிக ஆள் சேர்க்கும் முகவர் நிலையங்களுக்குப் பணம் கொடுத்துத் தன் வளாகத்திலேயே இரண்டொரு நாள் கணினிகளை இடம் மாற்றவும் கம்பிகளை ஒழுங்காக்கவும் அமர்த்தி, அவர்களையும் உத்தியோகம் பெற்றோர் கணக்கிற் சேர்த்ததாகத் திணைக்களம் கூறியது. கொம்பனி குற்றச்சாட்டுக்களை மறுத்தது.

கணக்கெழுதக் கற்பிப்பதற்கென்றே தோன்றிய கல்லூரி, தன் கணக்கினாலேயே வீழ்ந்தது. தண்டம் அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே கழிந்தன. ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, எஞ்சியிருந்த எல்லாக் கிளைகளும் மூடப்படுவதாகக் கொம்பனி அறிவித்தது. ஏறத்தாழ 16 ஆயிரம் மாணாக்கர் பாதியில் விடப்பட்டனர். திங்கட்கிழமை காலையிற் புத்தகத்தோடு வந்தவர்கள் கண்டது பூட்டிய கதவை. 152 ஆண்டு நின்ற பெயர் அவ்வாறு முடிந்தது. சில நாட்களில் கொம்பனி வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. கலிபோர்ணியாவின் சட்டமா அதிபர் 2013 இல் தொடுத்த வழக்கிலே, 2016 இல் நீதிமன்றம் 110 கோடி டொலருக்கு மேல் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. எதிர்வழக்காட அப்பொழுது கொம்பனியே இல்லை. பணத்தை யாரிடம் வாங்குவது?

மாணாக்கர் கடன் என்னாயிற்று? அவ்வாண்டு பெப்ரவரியிலேயே, கொறிந்தியனின் முன்னாள் மாணாக்கர் பதினைவர் 'கடனைக் கட்டமாட்டோம்' என்று வெளிப்படையாக அறிவித்திருந்தனர். கடன் கட்டாதவர் என்று பெயர் பதியப்பட்டால் வீடும் வாகனமும் வாங்க முடியாதென்று தெரிந்தே அவ்வாறு செய்தனர். அவர்களைப் பின்பற்றிப் பலர் முறையிட்டனர். ஏமாற்றப்பட்டவரின் கடனை நீக்க இடந்தரும் பழைய சட்டப் பிரிவொன்று அதன் பின்னரே பெரிய அளவிற் பயன்படுத்தப்பட்டது. மனுக்களும் விசாரணைகளும் ஏழாண்டு இழுபட்டன. ஈற்றில் 2022 ஜூனிலே, 1995 முதல் மூடும் வரை கொறிந்தியன் நடத்திய கல்லூரிகளிற் பயின்ற 5 இலட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டொலர்க் கடனை அமெரிக்கக் கல்வித் திணைக்களம் முற்றாக நீக்கியது. அந்த ஏழாண்டிலே சிலருக்கு இருபதுகள் கழிந்துவிட்டன. அதை எந்தத் திணைக்களமும் திருப்பித் தராது.

நம் நாட்டிலே கடன் முறை அவ்வாறன்று. பெரும்பாலும் பெற்றோரின் பணமே போகின்றது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறல்ல. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலே தொழிற்பயிற்சி நிலையங்கள், தனியார் நடத்துவனவும் உட்பட, பதிவு செய்தல் வேண்டும். நிலையம் பதிவானதா என்பது ஒன்று. நம் பிள்ளை கற்கவிருக்கும் அப்பாடநெறி தரச்சான்று பெற்றதா என்பது வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதும் உண்டென்று நினைக்கச் செய்வது எளிது. ஆதலின் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். தேசிய தொழிற் தகைமை என்னும் சான்றிதழ் ஏழு மட்டங்களை உடையது. நான்கு வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்கு நிகர். 'சர்வதேச டிப்ளோமா' என்று பொன்னெழுத்திற் பொறித்த தாள் இவற்றில் எம்மட்டத்தைச் சேர்ந்தது என வினவினால், நேரான விடை வருகின்றதா என்று பாருங்கள்.

'எமது மாணவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலை பெற்றனர்' என்று யாரேனும் சொன்னால், எந்த ஆண்டில், எந்த வேலை, படிப்பதற்கு முன்பே இருந்த வேலையா, எத்தனை மாதம் நீடித்தது என்று கேட்பதிலே மரியாதைக் குறைவு இல்லை. சென்ற ஆண்டு படித்த ஒருவரின் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது அதனினும் நன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் போன்ற அரசாங்க நிலையங்கள் பரந்தனிலிருந்து பஸ்ஸிற் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அங்கே என்ன பாடநெறிகள் உண்டு என்று விசாரிப்பதற்கு ஒரு முற்பகல் போதும். கட்டணம் முழுவதையும் முதல் நாளே கேட்கும் இடத்தில், இடையிலே நிலையம் மூடப்பட்டால் எஞ்சிய பணம் திரும்புமா என்பதை எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள்; பற்றுச்சீட்டையும் அதனோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.